வேறு விதமாய்ச் சிந்திக்கும் பிள்ளைகளுக்கு நம் கடைகளில் இடம் உண்டா?



சென்ற ரமளானுக்கு இரண்டு மாதங்கள் முன்பு, சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனை ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கடை உரிமையாளர் எனக்கு நீண்ட காலப் பழக்கம். ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். மத்ரஸாவுக்கு ஆண்டுதோறும் தாராளமாகக் கொடுப்பவர். பத்தாம் நாள் இஷா தொழுகைக்குப் பின் அவர் என்னைத் தனியே அழைத்தார். “ஹஸ்ரத், பையன் தங்கமான பையன். ஆனா கடைக்குச் சரிப்பட்டு வரமாட்டான். நாளையிலேர்ந்து அனுப்ப வேண்டாம்னு அவங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

காரணம் கேட்டேன். சேலை எடுக்க வந்த ஒரு பெண்மணி, “தம்பி, இது நல்லா இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார். “ரெண்டு தடவை துவைச்சா சாயம் போகும்” என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை; சிரிப்பதில்லை; கூட்டம் சேர்ந்து இரைச்சல் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். இவைதாம் மற்றக் குற்றங்கள்.

“அந்தச் சேலைக்குச் சாயம் போகுமா?” என்று கேட்டேன். “போகும் ஹஸ்ரத், அதுக்காக...” என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

சரக்கிலுள்ள குறையை மறைக்காமல் சொல்லி விற்கும் வியாபாரியைப் பற்றி ஜும்ஆ பயான்களில் எத்தனை முறை பேசியிருப்போம்! அந்த நபிமொழிகளை நாம் கேட்டுத் தலையசைக்கிறோம். இவனுக்கோ வேறு விதமாகப் பேசத் தெரியாது. அதனால் பத்து நாளில் வேலை போயிற்று.

அவனுடைய அத்தா சவூதியில் ஓட்டுநராக இருந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தானவர். செய்தியைச் சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் அழவில்லை. “ஹஸ்ரத், நான் இருக்கும்வரை சோறு போட்டுடுவேன். எனக்கு அப்புறம்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

பிறரைக் குறை சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். எட்டு வயதில் அவன் எங்கள் மாலை மத்ரஸாவுக்கு வந்தான். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உரக்க ஓதும்போது இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். ஓத வைத்திருக்கும் ரிஹால் பலகைகளை உயர வாரியாக அடுக்குவான். யாராவது கலைத்துவிட்டால் வீறிட்டு அழுவான். அடக்கமில்லாத பிள்ளை என்று நான் முடிவு செய்தேன். “முகத்தைப் பார்த்துப் பதில் சொல்” என்று அதட்டி, ஒருநாள் பிரம்பையும் எடுத்தேன். அவன் அதன் பின்னரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி பாடத்தை ஓர் எழுத்துப் பிழையின்றி ஒப்பித்தான். எந்த வசனம் எந்தப் பக்கத்தில், மேலிருந்து எத்தனையாவது வரியில் வருகிறது என்று அவனால் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியவே ஈராண்டு ஆயிற்று. அவனுக்குப் பதினான்கு வயதானபோதுதான் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அன்று இரவு எனக்கு அந்தப் பிரம்பு நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன், “அது திங்கட்கிழமை” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆட்டிசம், எழுத்துகளைப் படிப்பதில் திணற வைக்கும் டிஸ்லெக்சியா, ஓரிடத்தில் கவனம் நில்லாமல் அலையும் ஏ.டி.எச்.டி. ஆகியவற்றை நோய் என்று மட்டும் பார்க்காமல், மனித மூளைகள் இயங்கும் விதங்களில் உள்ள வேறுபாடுகளாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்து 1990களின் இறுதியில் மேலைநாடுகளில் பரவத் தொடங்கியது. அதற்கு நியூரோடைவர்சிட்டி என்று பெயரிட்டார்கள். தமிழில் நரம்பியல் பன்மை என்கிறார்கள். பெயர் புதிது. நம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகக் கூறுகிறான் என்று சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் நமக்கு, சிந்தனைகளும் வேறுபட்டிருக்கலாம் என்பது அதிர்ச்சி தரும் செய்தியாக இருக்கக் கூடாது. எனினும் இருந்தது; எனக்கே இருந்தது.

ஃபிக்ஹ் பாடத்தில் வணிகச் சட்டங்களை நடத்தும்போது ‘கியாருஷ் ஷர்த்’ என்றொரு பகுதி வரும். ஒரு பொருளை வாங்கியவர், இத்தனை நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தருவேன் என்று நிபந்தனையிட்டு வாங்கும் உரிமை அது. அதற்கு மூன்று நாள் வரம்பை இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் கூறுகிறார்கள். ஆதாரமாக ஒரு நபித்தோழரின் செய்தியை எடுத்துச் சொல்வோம். இருபது ஆண்டுகளாக அதை நடத்துகிறேன். மூன்று நாள் என்ற எண்ணிக்கையைத்தான் மாணவர்களுக்கு மனனமிட வைத்தேனே தவிர, அந்த நபித்தோழர் யார் என்று நின்று யோசித்ததில்லை.

ஹப்பான் இப்னு முன்கித் (ரழி) என்று சில அறிவிப்புகளும், அவருடைய தந்தை முன்கித் இப்னு அம்ர் (ரழி) என்று சில அறிவிப்புகளும் கூறுகின்றன. தலையில் ஆழமான காயம் பட்டவர். அதனால் நாவும் தடித்தது, சிந்தனையும் பாதிக்கப்பட்டது. ஆனாலும் வியாபாரத்தை விடமாட்டார். விடாமல் வாங்குவார், விற்பார், ஒவ்வொரு முறையும் ஏமாறுவார். பொறுக்க முடியாத குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவருடைய அறிவு பலவீனமாக இருக்கிறது, இவர் கொடுக்கல் வாங்கல் செய்யாதபடி தடை விதியுங்கள் என்று முறையிட்டார்கள். அபூதாவூதில் அனஸ் (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தியில், நபியவர்கள் முதலில் அவரை அழைத்துத் தடுக்கவே செய்தார்கள். அவரோ, வியாபாரம் செய்யாமல் என்னால் இருக்க முடியாது என்றார்.

அந்தக் கணத்தில் நாம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “உன் நன்மைக்குத்தானே சொல்கிறோம், வீட்டில் சும்மா இரு, சோற்றுக்குக் குறைவில்லை” என்றுதான். நபி (ஸல்) அவர்கள் அவரைச் சந்தைக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் ‘ஏமாற்று இருக்கக் கூடாது’ என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள்: லா கிலாபா. வாங்கிய பொருளை மூன்று இரவுகள் வைத்திருந்து பார்க்கும் உரிமையையும் கொடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு சிறு விவரம் வருகிறது. நா தடித்தவராதலால் அந்தச் சொல்லையும் அவரால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. ‘லா கியாபா’ என்றே சொல்வார். தஜ்வீதுக்காகப் பிள்ளைகளை வாட்டி எடுக்கும் என் போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தத் திக்கிய சொல் மதீனாவின் சந்தையில் செல்லுபடியாயிற்று.

அவர் உஸ்மான் (ரழி) அவர்களின் காலம் வரை வாழ்ந்தார் என்றும், பொருளைத் திருப்பித் தரப் போகும்போது விற்றவர் மறுத்தால், அவ்வழியே செல்லும் நபித்தோழர் ஒருவர் நின்று, இவர் சொல்வது உண்மை, இவருக்கு நபியவர்கள் மூன்று நாள் தந்திருக்கிறார்கள் என்று சாட்சி சொல்வார் என்றும் அறிவிப்புகளில் காண்கிறோம். இந்தச் சலுகை அவருக்கு மட்டும் உரியதா, பிறருக்கும் பொதுவானதா என்று இமாம்கள் விரிவாக விவாதித்திருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒருவருடைய மூளை மற்றவர்களைப் போல் இயங்கவில்லை என்பதற்காக அவரைத் தொழிலிலிருந்து நீக்காமல், தொழிலின் விதியில் ஓர் இடைவெளி அவருக்காகத் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியைச் சமூகமும் காவல் காத்தது. என் பேச்சு இதைப் பற்றியது.

இன்னொருவரை எல்லோரும் அறிவோம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி). அவர் பொருட்டு அபஸ அத்தியாயம் இறங்கிய வரலாற்றைச் சொல்லாத பயான் இல்லை. அதற்குப் பின் அவருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பார்வையற்ற அவர் பாங்கு சொல்பவராக நியமிக்கப்பட்டார், அதுவும் ஃபஜ்ருக்கு! வைகறை வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து அறிய வேண்டிய தொழுகை அது. ஸுப்ஹு ஆகிவிட்டது என்று மக்கள் சொல்லும்வரை அவர் பாங்கு சொல்ல மாட்டார் என்று புகாரியில் வருகிறது. ஃபஜ்ருடைய நேரம் அவருக்காக ஒரு நொடியும் மாற்றப்படவில்லை. பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

இதைத்தான் இன்றைய சட்ட மொழியில் ‘நியாயமான இணக்க ஏற்பாடு’ என்கிறார்கள். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது; ஆட்டிசம் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் இடம்பெற்றன. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அந்த 4இல் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடமாக இருந்தால் அந்தக் கொள்கையில் கூடுதல் விவரங்கள் வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் விதிகள்.

இனி நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்திருக்கிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பிள்ளை முதலில் போய் நிற்கும் இடம் ஜவுளிக்கடை, மளிகைக்கடை, செருப்புக்கடை, வெங்காய மண்டி, பிரியாணிக்கடை. நான்கு பேர், ஆறு பேர் வேலை செய்யும் இந்த இடங்களுக்குச் சட்டத்தின் கை நீண்டு வருவதில்லை. அங்கே முதலாளியின் மனம்தான் சட்டம். பெரம்பலூர், துறையூர், லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் என்று எடுத்துக்கொண்டால் அத்தகைய கடைகளில் எத்தனையோ நம்மவர்களுடையவை.

ஜவுளிக்கடையிலிருந்து வந்தபின் அவன் மூன்று மாதம் வீட்டில் இருந்தான். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த நான்கு கடைக்காரர்களிடம் கேட்டேன். ஒருவர், “ஓதிப் பார்த்தீங்களா ஹஸ்ரத்?” என்றார். இன்னொருவர் ஐந்நூறு ரூபாயை என் சட்டைப்பையில் வைத்தார். மற்ற இருவரும் நோன்பு முடியட்டும் என்றார்கள்; நோன்பும் முடிந்தது.

வேலை கொடுத்தவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஓர் இந்து சகோதரர். அவருடைய தங்கை மகனுக்கும் இதே நிலை. “அனுப்புங்க பாய், பார்க்கலாம்” என்றார். நேர்காணல் என்று ஒன்றும் வைக்கவில்லை. ஒரு கோணி நிறையக் கலந்து கிடந்த திருகாணிகளையும் நட்டு போல்ட்டுகளையும் கொட்டிக் காட்டி, இவற்றை அளவு வாரியாகப் பிரிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். மதியத்துக்குள் முடிந்தது. அவன் ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டியும் விட்டான்.

அங்கே செய்யப்பட்ட ஏற்பாடுகளைச் சொல்கிறேன்; எவ்வளவு செலவாகும் என்று கடை வைத்திருப்பவர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைய வேலைகள் காலையில் ஒரு தாளில் வரிசையாக எழுதித் தரப்படும். வாயால் அடுக்கடுக்காக ஏவுவதில்லை. இரும்பு அறுக்கும் இயந்திரம் கடையின் முன்புறம் ஓடும்; அவனுக்குப் பின்புறக் கிடங்கில் இடம். வாடிக்கையாளரிடம் அவன் பேச வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் பையன் அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுத்தால் போதும். சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும் திறக்கும். அந்த இரு நாளும் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கும். அவனால் பேருந்தில் ஏற முடியாது. அந்த நாட்களில் மட்டும் அரை மணி முன்னதாக வந்து, அரை மணி முன்னதாகப் போகிறான். ஜும்ஆவுக்கும் அதுவே தோதாக அமைந்துவிட்டது.

எல்லாம் தேனாக ஓடுகிறது என்று எழுதினால் அது பொய். இரண்டாம் மாதம், வெள்ளையடிப்பதற்காக அவனிடம் சொல்லாமல் அலமாரிகளை இடம் மாற்றிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தவன் அலறி, ஒரு டப்பாவை வீசியெறிந்தான். ஆணிகள் தெருவில் சிதறின. எனக்கு அழைப்பு வந்தது. வேலை போயிற்று என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். உரிமையாளர் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருக்கணும் பாய், எங்க தப்பு” என்றார். இப்போது எதை நகர்த்துவதானாலும் முந்தைய மாலை அவனுடைய தாளில் அதை எழுதிவிடுகிறார்கள். மாதம் 8,000 ரூபாய் சம்பளம். உடன் வேலை செய்யும் பையனுக்கும் அதே தொகைதான்.

அந்த மனிதருக்காக நான் துஆச் செய்கிறேன். நம் ஜமாஅத்தில் கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது என்பதில் எனக்கு வெட்கமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

சம்பளம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொள்வதாகச் சொல்லும் சிலர், பள்ளிவாசல் கூட்டுவது, ஹவுள் கழுவுவது, மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பது என்று நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு, சோறும் பெருநாளைக்கு ஒரு சட்டையும் கொடுத்து அனுப்புகிறார்கள். அது தர்மம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். செய்த வேலைக்குக் கூலி கடமை. கடமையான கூலியை ஸதகா என்று கணக்கெழுத முடியாது. அதை ஸகாத்தில் கழித்துக்கொள்வது அறவே கூடாது. ஏழையாக இருந்தால் அவருக்கு ஸகாத் தனியே சேரலாம்; அது வேறு கணக்கு. பணியாளர்களை உங்கள் சகோதரர்கள் என்றும், அவர்களால் இயலாததைச் சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூதர் (ரழி) அறிவிக்கிறார்கள். அந்தக் ‘கைகொடுத்தல்’ முதலாளிக்கு இடப்பட்ட கட்டளை என்பதைக் கவனியுங்கள்.

சிறு வியாபாரியின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. வாடகை, கடன், எதிர்க்கடைப் போட்டி என்று மூச்சு முட்டும் ஒருவரிடம் போய், வேலைக்கு ஆகாத ஒருவரைச் சுமந்துகொள்ளுங்கள் என்று கேட்பது அநீதி. நான் அதைக் கேட்கவில்லை. ஜவுளிக்கடையில் அவனைச் சேலை விற்கும் இடத்தில் நிறுத்தியது என் தவறும் கூட. அவனுக்கு எது இயலும் என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அதே கடையின் மாடியில் சரக்குக் கட்டுகளைப் பிரித்து, எண் போட்டு, அடுக்கும் வேலை இருந்தது. அதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று அவரே பின்னொரு நாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

வெளியுலகில் இதற்கான முயற்சிகள் நடந்து வருகின்றன. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்தபின், அத்தகையவர்களுக்கென்றே 2004இல் ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்தது. நம் நாட்டில் அலீனா ஆலம் என்ற சகோதரி 2017இல் கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் மிட்டி கஃபே என்ற சிற்றுண்டிச்சாலையைத் தொடங்கினார். உடல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களே அங்குப் பணியாளர்கள். 2023இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே அதன் கிளை திறக்கப்பட்டது. தேநீர்க்கடை நடத்துவோர் நம்மில் எத்தனை பேர்!

இந்தச் செய்திகளைப் படிப்பவர்கள் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர் என்றால் கணக்கில் புலி, கணினியில் மேதை என்று எதிர்பார்க்கிறார்கள். என் மாணவனுக்கு வரி எண் நினைவிருக்கும் என்று மேலே எழுதியபோதே எனக்கு இந்தத் தயக்கம் இருந்தது. எங்கள் மஹல்லாவில் இன்னொரு பிள்ளை இருக்கிறான், பதினெட்டு வயது. அவனுக்கு அப்படி எந்த வியக்கத்தக்க திறமையும் இல்லை. சூரத்துல் ஃபாத்திஹா மனனமாக நான்கு ஆண்டுகள் ஆயிற்று. எளிய வேலையை மெதுவாகச் செய்வான். அவனுக்கும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். மாத முடிவில் அம்மா கையில் கொடுக்க ஒரு தொகை வேண்டும். திறமையைக் காட்டித்தான் மரியாதை வாங்க வேண்டும் என்றால் அவன் என்ன செய்வான்? மதீனாவில் சித்தம் சற்றுக் கலங்கிய ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் தமக்கு ஒரு தேவை இருக்கிறது என்று வந்தார். எந்தத் தெருவோரம் வேண்டுமோ சொல், அங்கு வந்து உன் தேவையைக் கவனிக்கிறேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்து, உடன் சென்று, அவர் பேசி முடிக்கும்வரை நின்றதாக அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். அந்தப் பெண்மணியிடம் என்ன திறமை இருந்தது என்று எவரும் பதிவு செய்யவில்லை.

ஏர்வாடியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் உயிரிழந்தார்கள். மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் வீட்டிலும் இடமில்லை, வேலையிலும் இடமில்லை என்றாகும்போது ஒரு மனிதரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. எல்லா மதத்தவரும் அங்கே விட்டுச் சென்றார்கள்; ஊர் நம்முடையது. மனநலச் சிகிச்சைக்கு வரும் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டின் பின்கட்டில் கதவைச் சாத்தி வைப்பதை எந்தச் சட்டம் வந்து பார்க்கப்போகிறது?

ஏன் சாத்தி வைக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். அக்காவுக்கு நிகாஹ் பேச வருவார்கள். தம்பி இப்படி என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும். அதனால் மருத்துவரிடம் காட்டுவதில்லை, சான்றிதழ் வாங்குவதில்லை. அத்தா வளைகுடாவில் இருப்பார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். பிள்ளை கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்வார். அவர் வேலை செய்யும் துபாயில், 2017 முதல் இத்தகையவர்களை ‘மன உறுதி கொண்டோர்’ என்று பொருள்படும் பெயரால் அரசே அழைக்கிறது என்பதை அங்கே பலகைகளில் பார்த்திருப்பார். தன் வீட்டோடு சேர்த்து நினைத்திருக்க மாட்டார். பெண் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். பேசாத பெண்ணை அடக்கமான பெண் என்று சொல்லியே மணம் முடித்துவிடுகிறார்கள். மறுவீட்டில் போய் அந்தப் பெண் படும் பாட்டைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

பெற்றோர்களே, சான்றிதழ் வாங்குவதில் மானக்கேடு எதுவும் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்து தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். தமிழக அரசின் மாத உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதைக் கடந்த ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. “எனக்கு அப்புறம்?” என்று அந்தத் தாய் கேட்டாரே, அதற்கு இது ஒரு பகுதிப் பதில்.

மறு பகுதி நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன். டிஸ்லெக்சியா உள்ள இன்னோர் இளைஞன். படிக்கத் திணறுவான், ஆனால் ஒருமுறை கையால் செய்து காட்டினால் மின்விசிறியைப் பிரித்து மாட்டிவிடுவான். இந்த இருவருக்கும் இப்போது இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். மண்டியில் மூட்டைக்கு எண் போட, மளிகையில் பொட்டலம் கட்ட, பட்டறையில் உடன் நிற்க ஆள் தேவைப்படும் சகோதரர்கள் எந்த நாளானாலும் அஸருக்குப் பின் மத்ரஸாவுக்கு வாருங்கள். முதலில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். அந்த மூன்று நாளும் நான் கடையின் ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஜவுளிக்கடைக்காரரும் போன வாரம் மாடி வேலைக்கு ஆள் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.